ஏறிடுச்சா?

2010 ஜூன். மன்னார்குடியில் ஒரு பிரவுசிங் சென்டர். ஆறு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், வாசலில் ஒரு ஜெராக்ஸ் மெஷின். அக்கா மகள் கல்லூரி ஒன்றுக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட வந்திருந்தாள். விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்த நான் துணைக்குப் போயிருந்தேன். சென்னையில் வெப் டெவலப்பராக வேலைக்குச் சேர்ந்து அப்போது எனக்கு ஒரு வருடம்.

மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், புகைப்படம் என ஐந்து ஃபைல்கள். ஒவ்வொன்றும் 2 எம்.பி.க்குள் இருக்க வேண்டும் என்று படிவத்தில் போட்டிருந்தது. சென்டர் அண்ணன் பொறுமையாக ஸ்கேன் செய்து, பெயின்ட்டில் திறந்து, அளவைக் குறைத்து, எல்லாவற்றையும் வரம்புக்குக் கொஞ்சம் கீழே கொண்டுவந்து நிறுத்தினார். அவள் பெயர், முகவரி, மதிப்பெண் எல்லாம் நிரப்பி, ஐந்து ஃபைல்களையும் தேர்ந்தெடுத்து, சப்மிட் அழுத்தினாள்.

மவுஸ் முள் மணல்கடிகாரமாக மாறியது. அவ்வளவுதான். எவ்வளவு போயிருக்கிறது, இன்னும் எவ்வளவு நேரமாகும் என்று சொல்ல அந்தப் பக்கத்தில் எதுவுமே இல்லை.

“மாமா, ஏறிடுச்சா?”

எனக்கும் தெரியவில்லை. ஆறேழு நிமிடம் கழித்துப் பக்கம் மாறியது. வந்தது வெற்றுப் படிவம். மேலே சிவப்பு எழுத்தில் ‘பெயரை உள்ளிடவும்’.

“நான் பேர் போட்டேனே மாமா!” என்றாள். குரல் உடைந்துவிட்டது.

அந்த மாதிரிப் படிவங்களைப் பராமரிப்பதுதான் அலுவலகத்தில் என் வேலை என்பதால் நடந்ததை ஊகிக்க முடிந்தது. பி.எச்.பி. மொழியில் ஒரு ஃபைலுக்கு 2 எம்.பி. என்று ஒரு வரம்பு. படிவம் மொத்தத்துக்கும் 8 எம்.பி. என்று இன்னொரு வரம்பு. யாரும் மாற்றாவிட்டால் இந்த இரண்டு எண்களும் அப்படியே இருக்கும். அவளுடைய ஐந்து ஃபைல்களும் தனித்தனியே வரம்புக்குள் இருந்தன. சேர்ந்தபோது 8 எம்.பி.யைத் தாண்டிவிட்டன. மொத்த வரம்பு தாண்டினால் பி.எச்.பி. ஃபைல்களை மட்டும் கைவிடாது. பெயர், முகவரி, மதிப்பெண் எல்லாவற்றையும் சேர்த்தே கைவிட்டுவிடும். பெயரில்லாத படிவம் கைக்கு வந்ததும் நிரல் தனக்குத் தெரிந்த ஒரே கேள்வியைக் கேட்டது.

“அண்ணே, எல்லாத்தையும் ஒரு எம்.பி.க்குக் கீழ கொண்டாந்துடுங்க” என்றேன். மறுபடி எல்லாவற்றையும் தட்டி, ஐந்து ஃபைல்களையும் மறுபடி தேர்ந்தெடுத்து, ஒருவழியாக மாலைக்குள் விண்ணப்ப எண் வந்தது. ‘ஏறிடுச்சா?’ என்ற அந்தக் கேள்வி மட்டும் என்னோடு சென்னைக்கு வந்துவிட்டது. பிறகு என் தொழில் கண்ட மாற்றத்தையெல்லாம் அதை வைத்தே நான் அளந்து வருகிறேன்.

அன்று: எல்லாம் ஒரே கவரில்

இணையப் படிவங்கள் முதலில் எழுத்துகளை மட்டுமே அனுப்பின. ஃபைலையும் அனுப்பலாம் என்ற வழிமுறை 1995 நவம்பரில் ‘ஆர்.எஃப்.சி. 1867’ என்ற ஆவணமாக வந்தது. எழுதியவர்கள் ஜெராக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த எர்னஸ்டோ நேபல், லாரி மாசின்டர் இருவர். ‘பிரவுஸ்’ பட்டனோடு நாம் பார்க்கும் ஃபைல் பெட்டி அங்கிருந்து வந்ததுதான்.

அந்த முறை தபால் கவர் மாதிரி. பெயர் ஒரு தாள், முகவரி ஒரு தாள், சான்றிதழ் ஒரு தாள். நடுநடுவே சிறு கோடுகளும் எண்களுமாக ஓர் எல்லை வரி. எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு பிரவுசர் சர்வருக்கு அனுப்பும். சர்வர் கவர் முழுவதையும் வாங்கி, ஃபைல்களைத் தற்காலிகக் கோப்புறையில் இறக்கி, கடைசி பைட் வந்த பிறகுதான் நம் நிரலை எழுப்பும். பாதி வழியில் இருக்கும் கவரைப் பற்றி நிரலுக்கே தெரியாதபோது, அது பயனருக்கு என்ன சொல்ல முடியும்? மணல்கடிகாரம்தான் பதில்.

அந்த மௌனத்தை உடைக்க நாங்கள் செய்யாத வித்தை இல்லை. பி.எச்.பி.க்கு ஏ.பி.சி. என்றொரு துணை நிரல் இருந்தது. அதில் ‘ஆர்.எஃப்.சி. 1867’ என்ற பெயரிலேயே ஓர் அமைப்பு. அதைத் திறந்துவிட்டால் எவ்வளவு வந்திருக்கிறது என்று சர்வரையே நொடிக்கொரு தரம் கேட்டுக்கொண்டிருக்கலாம். இன்னொரு வழி, ஃபிளாஷில் செய்த அப்லோடு பட்டன். நீலப் பட்டை நகர்வதை முதன்முதலாகப் பார்த்தது அதில்தான். அந்த ஃபிளாஷுக்கே 2020 டிசம்பரோடு ஆயுள் முடிந்தது.

கவர் முறையில் இன்னொரு கொடுமை உண்டு. தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் குறைந்தாலும் படிவம் திரும்பி வரும். பெயரையும் முகவரியையும் நிரல் நினைத்தால் மறுபடி நிரப்பிக் காட்டலாம். ஃபைல் பெட்டியை நிரப்பிக் காட்ட முடியாது. எந்தத் தளத்துக்கும் பிரவுசர் அந்த உரிமையைத் தராது. தந்தால் ஏதோ ஒரு தளம் நம் கம்ப்யூட்டரிலிருந்து தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்ளும். விதி நியாயமானது. ஆனால் ஓர் இலக்கத் தவறுக்காக ஐந்து சான்றிதழ்களையும் மறுபடி முதலிலிருந்து ஏற்றியவர்களுக்கு அந்த நியாயம் எப்படித் தெரிந்திருக்கும்?

அன்றைய பிராட்பேண்ட் இணைப்பில் இறங்கும் வேகம் ஒன்று, ஏறும் வேகம் வேறு. ஏறுவதற்குக் கிடைத்தது மிகக் குறைவு. வினாடிக்கு 256 கிலோபிட் என்று வைத்துக்கொண்டால் 10 எம்.பி. ஏற ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த ஐந்து நிமிடமும் அப்பாச்சி சர்வரில் ஒரு ப்ராசஸ் அந்த ஒருவருக்காகவே கட்டுண்டு கிடக்கும். எங்கள் சர்வரில் 150 ப்ராசஸுக்கு இடம் வைத்திருந்தோம். ஒரு வாடிக்கையாளரின் சேர்க்கைப் படிவத்துக்குக் கடைசி நாள் மாலை, 150 பேர் மெதுவாக ஏற்றிக்கொண்டிருந்தபோது 151-வது ஆளுக்கு முகப்புப் பக்கமே திறக்கவில்லை. இரவு ஒன்பது மணிக்கு டிஸ்க் நிரம்பிவிட்டது. தற்காலிகக் கோப்புறையில் பாதியில் விட்டுப்போன ஃபைல்கள் குவிந்திருந்தன. அவற்றைக் கையால் அழித்துக்கொண்டிருந்த நேரத்தில் எத்தனை பிள்ளைகளின் விண்ணப்பம் வெளியே நின்றதோ என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

இரட்டைச் சுமை

2006 மார்ச் 14 அன்று அமேசான் தன் எஸ்3 சேமிப்புச் சேவையைத் தொடங்கியது. ஒரு ஜி.பி.யை ஒரு மாதம் வைத்திருக்க அன்றைய கட்டணம் 15 சென்ட். பின்னாளில் நாங்களும் அதற்கு மாறியபோது டிஸ்க் நிரம்பும் கவலை தீர்ந்தது. வழி மட்டும் மாறவில்லை. பல ஆண்டுகள் நாங்கள் செய்தது இதுதான்: ஃபைல் முதலில் எங்கள் சர்வருக்கு வரும், சர்வர் அதை மறுபடி தூக்கிக்கொண்டு எஸ்3-க்குப் போகும். ஒரே சுமைக்கு இரண்டு கூலி.

நம் நிரலைத் தங்கள் சர்வரில் ஓட்டித்தரும் ஹெரோக்கு போன்ற தளங்கள் வந்தபோது அதுவும் சரிப்படவில்லை. அங்கே ஒரு கோரிக்கைக்கு 30 வினாடிக்குள் சர்வர் பதில் தொடங்காவிட்டால் இணைப்பு அறுபடும். உள்ளே இருக்கும் டிஸ்கும் நிரந்தரமில்லை. நாளுக்கு ஒருமுறையாவது சர்வர் மறுதொடக்கம் ஆகி, எழுதியதெல்லாம் போய்விடும்.

மொத்த வியாபாரக் கடைகளில் பார்த்திருப்போம். மூட்டைகளைக் கடைவாசலில் இறக்கி, கடைக்குள் தூக்கி, பின்வாசல் வழியாகக் குடோனுக்குக் கொண்டுபோவது ஒரு வழி. அன்று முழுக்கக் கடையில் வேறு வியாபாரம் நடக்காது. முதலாளி ஒரு சீட்டில் ‘இந்த லாரி, இத்தனை மூட்டை, இன்று மாலைக்குள்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க, லாரி நேரே குடோனுக்குப் போய் இறக்குவது இன்னொரு வழி. நாங்கள் முதல் வழியிலேயே வெகுகாலம் உழன்றோம். இரண்டாவது வழிக்கு மூன்று விஷயங்கள் கூடி வர வேண்டியிருந்தது.

முதலாவது சீட்டு: குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் செல்லும், கையொப்பமிட்ட முகவரி. இரண்டாவது, லாரியை ஓட்டத் தெரிந்த பிரவுசர். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் பக்கத்தை மாற்றாமலேயே ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலை அனுப்பவும், எத்தனை சதவீதம் போயிற்று என்று சொல்லவும் பிரவுசர்கள் கற்றுக்கொண்டன. மூன்றாவது, குடோன் காவலரின் சம்மதம். ஒரு தளத்தில் இருக்கும் பக்கம் இன்னொரு முகவரிக்கு நினைத்தபடி எதையும் அனுப்பிப் பதிலை வாங்க பிரவுசர் விடாது. அந்த முகவரி ‘இவர்கள் நம் ஆட்கள்தான்’ என்று சொல்ல வேண்டும். இதற்கு கோர்ஸ் என்று பெயர். எஸ்3-க்கு அந்த வசதி 2012-ல் வந்தது.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு குழுவும் இதைச் சொந்தமாக எழுதித் திணறிக்கொண்டிருந்தது. இணையத் தளங்கள் எழுத உதவும் ரெயில்ஸ் என்ற கட்டமைப்பின் 5.2 பதிப்பு 2018 ஏப்ரலில் வந்தது. அதில் ஆக்டிவ் ஸ்டோரேஜ் என்ற பகுதி சேர்ந்தது. ஃபைல் பெட்டியில் ஒரு சொல்லைக் கூட்டினால் போதும், ஃபைல் நேரே கிளவுட்டுக்குப் போகும் என்ற நிலை வந்தது.

இன்று: சீட்டு எழுதும் சர்வர்

இன்று நான் எழுதும் படிவத்தில் நடப்பது இது. பயனர் ஃபைலைத் தேர்ந்தெடுத்த உடனே, சப்மிட்டுக்குக் காத்திராமல், பக்கம் எங்கள் சர்வரைக் கேட்கும்: ‘இந்தப் பெயர், இந்த அளவு, இந்த வகை. ஏற்றலாமா?’ சர்வர் பார்க்கும். உள்ளே நுழைந்தவர்தானா, அளவு வரம்புக்குள் இருக்கிறதா, வகை சரியா? சரியென்றால் யாரும் ஊகிக்க முடியாத ஒரு புதுப் பெயரை ஃபைலுக்கு வைத்து, ஒரு முகவரி எழுதிக் கொடுக்கும்.

அந்த முகவரியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். பார்க்க நீளமான இணைய முகவரிதான். எந்தக் குடோன், எந்தப் பெயரில், எந்தத் தேதியில் எழுதியது, எத்தனை வினாடி செல்லும் எல்லாம் அதில் வெளிப்படையாகவே இருக்கும். கடைசியில் 64 எழுத்துகளில் ஒரு கையொப்பம். சர்வர் தன்னிடமுள்ள ரகசியச் சாவியைக் கொண்டு மேற்சொன்ன விவரங்களின் மேல் கணக்கிட்டது அது. சாவி சர்வரை விட்டு வெளியே வருவதே இல்லை. ஃபைல் வந்ததும் எஸ்3 அதே கணக்கைத் தானும் போட்டுப் பார்க்கும். ஒத்துப்போனால் கதவு திறக்கும். 300 வினாடியை யாராவது 3000 என்று திருத்தினால் கையொப்பம் பொருந்தாது. எஸ்3 சீட்டுக்கு உச்ச வரம்பு ஏழு நாள். ஆக்டிவ் ஸ்டோரேஜ் தானாகக் கொடுப்பது ஐந்து நிமிடம்.

ஃபைல் நேரே கிளவுட்டுக்கு ஏறும். பட்டை நகரும். எங்கள் சர்வர் ஒரு பைட்டைக்கூடச் சுமப்பதில்லை. சில நூறு எழுத்துகள் எழுதியதோடு அடுத்தவரைப் பார்க்கப் போய்விடுகிறது. 151-வது ஆளுக்கும் இடம் உண்டு. ஒரு ஃபைல் தவறினால் அதை மட்டும் மறுபடி அனுப்பலாம். பெரிய வீடியோவானால் 2010-ல் வந்த மல்டிபார்ட் வசதியில் துண்டுகளாக்கலாம். கடைசித் துண்டு தவிர மற்றவை குறைந்தது 5 எம்.பி., அதிகபட்சம் 10,000 துண்டுகள். அறுந்த துண்டை மட்டும் மறுபடி ஏற்றினால் போதும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது வேறு. ஃபைல் முன்பே போய்ச் சேர்ந்துவிடுவதால் படிவம் அதன் பெயரை மட்டும், கையொப்பமிட்ட ஒரு சிறு குறிப்பாக, தன்னிடம் வைத்திருக்கிறது. தொலைபேசி எண்ணில் இலக்கம் குறைந்து படிவம் திரும்பி வந்தாலும் அந்தக் குறிப்பை மறுபடி நிரப்பிக் காட்டலாம். சான்றிதழ்களைத் திரும்ப ஏற்ற வேண்டியதில்லை.

தூரமும் குறைந்தது. 2010-ல் நமக்கு அருகே இருந்த அமேசான் மையம் சிங்கப்பூர்; 2016 ஜூனில் மும்பை வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோ வந்து, பிரவுசிங் சென்டரில் நடந்த வேலை கைப்பேசிக்கு மாறத் தொடங்கியது.

கண்ணில் படாத பொருளுக்குப் பொறுப்பு

சுமை இறங்கியதே தவிர, பொறுப்பு இறங்கவில்லை. இதை எங்கள் தொழிலுக்கு வரும் ஒவ்வொரு தம்பி தங்கையிடமும் அழுத்திச் சொல்கிறேன்.

அன்று ஃபைல் எங்கள் கை வழியாகப் போனது. வாங்கும்போதே பிரித்துப் பார்க்க முடிந்தது. இன்று லாரி நேரே குடோனுக்குப் போகிறது. சீட்டில் ‘புகைப்படம்’ என்று இருக்கிறது, இறக்கியது என்ன? ஃபைல் எந்த வகை என்று பிரவுசர் சொல்வது பெரும்பாலும் பெயரின் வாலைப் பார்த்துத்தான். அதை நம்பக் கூடாது. பி.டி.எஃப். என்றால் தொடக்கத்திலேயே தன் பெயரைச் சொல்லிக்கொள்ளும். ஜேபெக் படத்துக்கும் முதல் சில பைட்டுகளில் அடையாளம் உண்டு. ஏறிய பிறகு அதைத் திறந்து பார்த்து, வைரஸ் சோதனையும் முடிக்கும்வரை எந்த ஃபைலையும் தனி இடத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். 2016-ல் இமேஜ்மேஜிக் என்ற பட மென்பொருளில் கண்ட ஓட்டை ஒரு படத்தைக் கொண்டே சர்வரில் கட்டளைகளை ஓட்டக்கூடியதாக இருந்தது. படம்தானே என்ற நினைப்புக்கு அது பெரிய பாடம்.

அளவையும் சீட்டிலேயே கட்ட வேண்டும். எஸ்3-ல் படிவ முறைச் சீட்டு எழுதினால் ‘இத்தனை பைட்டிலிருந்து இத்தனை பைட்டுக்குள்’ என்று நிபந்தனை போடலாம். மீறினால் குடோனே வாங்காது. அது இல்லாத சீட்டு, தொகை எழுதாமல் கையெழுத்திட்ட காசோலை.

அடுத்தது நாதியற்ற ஃபைல்கள். ஒருவர் ஆதார் நகலை ஏற்றிவிட்டு, சப்மிட் அழுத்தாமலே போய்விடுகிறார். ஃபைல் எந்த விண்ணப்பத்துக்கும் சொந்தமில்லாமல் அங்கேயே கிடக்கும். ஒரு நாளுக்குப் பின் தானாக அழியும்படி விதி போட வேண்டும். பாதியில் நின்ற துண்டுகள் பட்டியலில்கூடத் தெரியாது, ஆனால் வாடகை ஓடிக்கொண்டிருக்கும். அதற்கும் தனி விதி உண்டு. வாடகை இரண்டாம் பட்சம். ஒருவரின் ஆதார் நகல் நம்மிடம் காரணமின்றி ஒரு நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் அந்த நகல் நமக்கு உரிமையில்லாத பொருள்.

குடோன் கதவும் அப்படித்தான். எஸ்3-ல் குடோனுக்குப் பெயர் பக்கெட். யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று திறந்து விட்ட பக்கெட்டுகளிலிருந்து தரவு கசிந்த செய்திகள் வருடக்கணக்கில் வந்தன. 2023 ஏப்ரலிலிருந்து எஸ்3-ல் புதிதாகத் தொடங்கும் பக்கெட்டுகளுக்கு வெளியார் பார்வை தானாகவே அடைபட்டிருக்கிறது. அந்தப் பூட்டை அவசரத்துக்குத் திறக்கும் கை நம்முடையதாக இருக்கக் கூடாது.

பச்சை டிக்

போன வருடம் ஒருநாள் மாலை அக்கா மகள் கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தாள். அவளுடைய மகளுக்கு எல்.கே.ஜி. விண்ணப்பம். பேருந்தில் வந்தபடியே கைப்பேசியில் நிரப்பியிருக்கிறாள்.

“மாமா, பர்த் சர்டிஃபிகேட் போட்டேன். பச்சை டிக் வந்துடுச்சு. ஆனா நான் இன்னும் சப்மிட்டே பண்ணலையே. இது ஏறிடுச்சா, ஏறலையா?”

பதினைந்து வருடத்துக்குப் பிறகு அதே கேள்வி. அன்று பதில் தெரியாமல் நின்றேன். இன்று ஒரு கேள்விக்கு இரண்டு பதில்.

“குடோன்ல ஏறிடுச்சும்மா. கணக்குல இன்னும் ஏறலை. கீழ சப்மிட் இருக்கு பாரு, அதை அழுத்து. அப்ளிகேஷன் நம்பர் வந்தாதான் கணக்கு.”

அவளிடம் சொல்லும்போதுதான் எனக்கே முழுதாகப் பிடிபட்டது. அன்று ஃபைலும் படிவமும் ஒரே கவரில் வந்தன. வந்தால் இரண்டும் வரும், போனால் இரண்டும் போகும். முரட்டுத்தனமான முறைதான், ஆனால் இரண்டுக்கும் ஒரே விதி. இன்று ஃபைல் ஒரு வழி, படிவம் ஒரு வழி. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போடுவது எங்கள் கடமை. பச்சை டிக்கைப் பார்த்து, வேலை முடிந்தது என்று கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்ட தாய் எத்தனை பேரோ! கடைசித் தேதி தாண்டிய பிறகு, ‘நான் ஏற்றினேனே’ என்று அவர்கள் சொல்வது உண்மை. ‘எங்களுக்கு வரவில்லையே’ என்று அலுவலகம் சொல்வதும் உண்மை. அந்த இரண்டு உண்மைகளுக்கு நடுவே ஒரு குழந்தையின் இடம் போய்விடக் கூடாது.

மறுநாள் அலுவலகத்தில் எங்கள் படிவங்கள் எல்லாவற்றையும் திறந்து உட்கார்ந்தேன். டிக்குக்குப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தோம்: ‘ஃபைல் வந்துவிட்டது. விண்ணப்பம் இன்னும் சேரவில்லை. சமர்ப்பி பட்டனை அழுத்தவும்.’ சப்மிட் அழுத்திய பிறகு படிவம் சொல்வதை மட்டும் நம்பாமல், அந்தப் பெயரில் ஃபைல் உண்மையிலேயே இருக்கிறதா, சொன்ன அளவில் இருக்கிறதா என்று சர்வர் கிளவுட்டைக் கேட்டு உறுதி செய்கிறது. அதன் பிறகே எண் கொடுக்கிறது. ஏற்றிவிட்டுச் சப்மிட் செய்யாமல் விட்டவருக்குக் கடைசித் தேதிக்கு முந்தின நாள் ஒரு குறுஞ்செய்தி போகிறது.

அவளோடு பேசிய அன்று இரவு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்திருந்தது. பள்ளியின் பக்கம், நடுவில் விண்ணப்ப எண். கீழே அவள் எழுதியிருந்தாள்: “கணக்குலயும் ஏறிடுச்சு மாமா.”